டுரான் முதுகைத் திருப்பிய அந்த நொடி

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரே ஒரு விஷயம்தான், ஆனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், சொல்ல நிறைய இருக்கிறது. சொந்த நாட்டு பாக்ஸரை ஜனங்கள் ஏன் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள், அதே ஆளை ஏன் ஒரே ராத்திரியில் வேண்டாம் என்று தள்ளுகிறார்கள்? ஜெயித்தால் கொண்டாடுவார்கள், தோற்றால் திட்டுவார்கள், இதில் பேச என்ன இருக்கிறது என்று நிறைய பேர் சொல்வார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். பழைய சண்டைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க ஆரம்பித்த பிறகு அது சரியில்லை என்று தெரிந்தது. தோற்றுக்கொண்டே இருந்தவர்களைக் கடைசிவரை கைவிடாத ரசிகர்கள் இருக்கிறார்கள். ஜெயித்துக்கொண்டே இருந்தவர்களை ஏறெடுத்தும் பார்க்காத ரசிகர்களும் இருக்கிறார்கள்.

இதற்கு எனக்குத் தெரிந்து மிகப் பெரிய உதாரணம் பனாமாக்காரர் ராபர்ட்டோ டுரான்.

1980, நவம்பர் 25. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து சூப்பர்டோம். எதிரே அமெரிக்க பாக்ஸர் சுகர் ரே லெனார்ட். எட்டாவது ரவுண்டு முடியக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. அந்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை, நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். டுரான் கீழே விழவில்லை. முகத்தில் ரத்தம் வழியவில்லை. கால் தள்ளாடவில்லை. திடீரென்று வலது கையைத் தூக்கி, "போ போ" என்று ஈ விரட்டுகிற மாதிரி ஒரு வீசு வீசுகிறார், அப்படியே திரும்பி நடக்கிறார். லெனார்டுக்கே என்ன நடக்கிறது என்று புரியவில்லை, ஓடிவந்து வயிற்றுப் பக்கம் இன்னும் இரண்டு குத்து விடுகிறார். நடுவர் ஆக்டேவியோ மெய்ரான் கையைக் காட்டி சண்டையைத் தொடரச் சொல்கிறார். டுரான் மறுபடியும் தலையை ஆட்டுகிறார், கையை வீசுகிறார். முடிந்துவிட்டது. "நோ மாஸ்", அதாவது "இனி வேண்டாம்" என்று அவர் சொன்னதாகத்தான் உலகம் முழுக்கச் செய்தி போனது. அந்த வார்த்தையைத் தான் சொல்லவே இல்லை என்று டுரான் பிற்பாடு பல தடவை சொல்லியிருக்கிறார். சொன்னாரா இல்லையா என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை, ஏனென்றால் அந்த முதுகு தெரிந்துவிட்டது. நமக்கு இதற்கு ஒரு பழைய சொல்லே இருக்கிறதே, புறமுதுகு. போரில் செத்துப்போனவனுக்கு நடுகல் வைத்தார்கள், முதுகு காட்டினவனுக்கு ஊரில் முகம் கிடையாது. பனாமாவில் அதற்கு என்ன சொல் வைத்திருக்கிறார்களோ, அவர்கள் பட்டது அதே அவமானம்தான்.

இத்தனைக்கும் அந்தச் சண்டைக்கு முன்னால் டுரானின் கணக்கைப் பாருங்கள்: 73 சண்டை, ஒரே ஒரு தோல்வி. புள்ளியிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் லெனார்டுக்கு இரண்டு புள்ளி கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள், ஒருவர் ஒரே ஒரு புள்ளி. மீட்க முடியாத நிலைமையே இல்லை. அடி தாங்க முடியாமல் போனவர் இல்லை இவர். ஏழாவது ரவுண்டில் லெனார்ட் வலது கையைச் சக்கரம் மாதிரி சுழற்றி, எல்லார் கண்ணும் அந்தக் கையிலேயே இருக்கும்போது இடது கையால் டுரான் முகத்தில் ஒரு குத்து வைக்கிறார் பாருங்கள், கூட்டம் சிரிக்கிறது. வலியை விட அந்தச் சிரிப்புதான் டுரானை உடைத்தது என்பது என் கருத்து. வயிற்றுப் பிடிப்பு என்று அவர் சொன்னார். இருந்திருக்கலாம். அந்த வருடம் ஜூனில் இதே லெனார்டை முதல் சண்டையில் ஜெயித்த பிறகு விருந்து விருந்தாகச் சாப்பிட்டு உடம்பு ஏறிப்போய், ஐந்து மாதத்தில் மறுபடி ரிங்கில் ஏற வேண்டும் என்று அவசர அவசரமாக எடையைக் குறைத்தவர் அவர். டுரான் அப்படி இருக்கிறார் என்று தெரிந்துதான் லெனார்ட் தரப்பு மறுசண்டையைச் சீக்கிரமாகவே வைத்தது.

சரி, பனாமா ஏன் அவ்வளவு கொதித்தது? இதைப் புரிந்துகொள்ள எல் சோரியோவுக்குப் போக வேண்டும். பனாமா சிட்டியில் டுரான் வளர்ந்த ஏழைப் பகுதி அது. கால்வாய் வெட்ட வந்த கூலிகளுக்காகக் கட்டின பழைய மர வீடுகள், ஒரே வீட்டுக்குள் எத்தனையோ குடும்பங்கள். டுரான் சின்ன வயதில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டவர், பேப்பர் விற்றவர். அந்தப் பகுதியின் ஓரத்தில் ஒரு தெரு. அந்தத் தெருவுக்கு அந்தப் பக்கம் கால்வாய் மண்டலம், அதாவது அமெரிக்கா. 1903 ஒப்பந்தத்திலிருந்து கால்வாயின் இரு கரையிலும் சேர்த்துப் பத்து மைல் அகலத்துக்கு அமெரிக்கா ஆண்ட நிலம். உங்கள் ஊர் நடுவில் ஒரு தெருவைத் தாண்டினால் வேறொருவன் போலீஸ், வேறொருவன் கோர்ட், வேறொருவன் கொடி. 1964 ஜனவரியில் பனாமா மாணவர்கள் தங்கள் கொடியையும் அங்கே ஏற்றப் போய்க் கலவரமாகி, இருபது பேர் அளவில் பனாமாக்காரர்கள் உயிரை விட்டார்கள். அப்போது டுரானுக்குப் பன்னிரண்டு வயது. இன்னொன்றும் சொல்கிறேன், இது என்னை ரொம்ப யோசிக்கவைத்தது: டுரானின் அப்பாவே அந்த மண்டலத்தில் வேலை பார்த்த அமெரிக்க ராணுவ வீரர், மெக்சிகோ வம்சாவளி. பையன் சின்னக் குழந்தையாக இருக்கும்போதே விட்டுவிட்டுப் போனவர்.

1977இல் கால்வாயைப் பனாமாவிடம் திருப்பிக் கொடுக்கிற டோரிஹோஸ் - கார்ட்டர் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1979 அக்டோபர் 1 அன்று அந்த மண்டலம் கலைக்கப்பட்டது. அடுத்த ஒன்பதாவது மாதம், 1980 ஜூன் 20, மாண்ட்ரியால் ஒலிம்பிக் ஸ்டேடியம். 1976இல் லெனார்ட் அமெரிக்காவுக்காக ஒலிம்பிக் தங்கம் வாங்கின அதே ஊர். அங்கே போய், சிரித்த முகமும் விளம்பரமும் பணமுமாக இருந்த அந்த அமெரிக்கச் செல்லப்பிள்ளையைப் பதினைந்து ரவுண்டு கயிற்றோரம் நெருக்கி நெருக்கி அடித்து ஜெயித்தார் எல் சோரியோ பையன். இந்தத் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பனாமாக்காரன் ஒருவன் அன்றைக்குப் பார்த்தது வெறும் பெல்ட் மாறியதையா? எழுபத்தைந்து வருடக் கணக்கு ஒன்று தீர்ந்ததைப் பார்த்தான். தெருவெல்லாம் கூட்டம்.

ஐந்தே மாதத்தில் அதே அமெரிக்கனிடம், அமெரிக்க மண்ணில், கீழே விழாமலேயே முதுகைத் திருப்பினார். அந்த வலி எப்படி இருந்திருக்கும்! அவர் வீட்டுச் சுவரில் வசை எழுதினார்கள். கோழை என்றார்கள், விலைபோய்விட்டான் என்றார்கள். இரண்டு சண்டைக்கும் வாங்கின பணத்தைச் சொல்லிக் காட்டினார்கள். சுவரில் எழுதினதை நான் சரி என்று சொல்ல மாட்டேன், அந்த வீட்டுக்குள் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் "நன்றி கெட்ட ரசிகர்கள்" என்று ஒரே வரியில் முடிக்கிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. ஒரு நாடே தன் மானத்தை மூட்டை கட்டி ஒருத்தன் தோளில் ஏற்றிவிட்டது. அவன் கேட்டு வாங்கின மூட்டை இல்லை அது, நிஜம்தான். ஆனால் ஜூன் மாதம் அதைச் சுமந்துகொண்டு ஊர்வலம் போனவனும் அவன்தான். சுமந்தபடி தடுக்கி விழுந்திருந்தால் ஓடிவந்து தூக்கியிருப்பார்கள். நடுவழியில் இறக்கி வைத்துவிட்டு நடந்தால்?

விழுந்தவரைத் தூக்கின கதைக்கு இங்கிலாந்தில் ஹெவிவெயிட் பாக்ஸர் ஃபிராங்க் புருனோவைப் பாருங்கள். 1986இல் வெம்ப்ளியில் விதர்ஸ்பூனிடம் தோற்றார், 1989இல் டைசனிடம் தோற்றார், ஜனங்களின் அன்பு கூடிக்கொண்டேதான் போனது. 1993 அக்டோபரில் கார்டிஃப் நகரத்தில், நள்ளிரவு தாண்டி, அவருக்கும் லெனாக்ஸ் லூயிஸுக்கும் சண்டை. இரண்டு பேருமே லண்டனில் பிறந்தவர்கள், பெல்ட் லூயிஸிடம் இருக்கிறது, ஆனால் கூட்டம் முழுக்க "புருனோ, புருனோ" என்றுதான் கத்தியது. லூயிஸ் பன்னிரண்டு வயதில் கனடா போனவர், 1988 சியோல் ஒலிம்பிக்கில் கனடாவுக்குத் தங்கம் வாங்கினவர், பேச்சு கனடாப் பேச்சு. ஏழாவது ரவுண்டில் லூயிஸ் ஜெயித்தார், மனசு புருனோவோடேயே இருந்தது. 1995இல் வெம்ப்ளியில் ஆலிவர் மெக்கால் என்பவரை ஜெயித்துக் கடைசியில் ஒருவழியாக புருனோ சாம்பியன் ஆனபோது அந்த நாடே அழுதது என்று சொல்லலாம். லூயிஸுக்கு எல்லா பெல்ட்டும் கையில் வந்து, 1999இல்தான் பிபிசியின் அந்த வருடத்து விளையாட்டு வீரர் விருது கிடைத்தது. பாஸ்போர்ட் ஒன்றுதான், பிறந்த ஊரும் ஒன்றுதான். ஆனால் லூயிஸ் தோளில் யாரும் எதையும் ஏற்றவே இல்லை, அதனால் அவரிடம் கோபமும் பெரிதாக இல்லை, வெறும் ஒட்டாமைதான்.

ஆஸ்கார் டி லா ஹோயா கதை இன்னும் கஷ்டம். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் மெக்சிகோக் குடும்பத்துப் பிள்ளை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகத் தங்கம் வாங்கினதும் அமெரிக்கக் கொடியையும் மெக்சிகோக் கொடியையும் சேர்த்துப் பிடித்தார். 1996 ஜூனில் மெக்சிகோ பாக்ஸர் ஹூலியோ சீசர் சாவேஸோடு மோதியபோது, அவர் வளர்ந்த தெருக்காரர்களே பலர் சாவேஸ் பக்கம் நின்று இவரைக் கூவினார்கள். சாவேஸ் என்றால் 1993இல் மெக்சிகோ சிட்டி அஸ்டெகா ஸ்டேடியத்தில் 1,30,000 பேருக்கு மேல் வந்து பார்த்த மனிதர். டி லா ஹோயா நான்காவது ரவுண்டிலேயே ஜெயித்தார், சாவேஸ் புருவத்திலிருந்து ரத்தம் கொட்டியது. ஜெயித்ததாலேயே அவர் மேல் கசப்பு கூடியது. ரத்தம் சிந்தினவர்தான் நம்மவர் என்று அந்தக் கூட்டம் முடிவு பண்ணியிருந்தது, இரண்டு கொடி பிடித்த பையனால் அதை என்ன செய்ய முடியும்? அவருக்காக எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

மறுபடி டுரானிடம் வருகிறேன். நோ மாஸுக்கு அப்புறம் 1982இல் இரண்டு தோல்வி, பெனிடெஸிடம் ஒன்று, கர்க்லண்ட் லைங்கிடம் ஒன்று. ஆள் முடிந்துவிட்டார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். 1983 ஜூன் 16, அவருடைய 32வது பிறந்தநாள், நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். எதிரே டேவி மூர், தோல்வியே பார்க்காத இளம் சாம்பியன், அதே நியூயார்க் பையன். உள்ளூர்ப் பையன் ஊரில் உள்ளூர்க் கூட்டம், 20,000க்கு மேல். ஆனால் ஆரவாரம் டுரானுக்கு! எட்டாவது ரவுண்டில் சண்டையை நிறுத்தினார்கள், டுரானுக்கு வெற்றி, கவனியுங்கள், அதே எட்டாவது ரவுண்டு. கூட்டம் அவருக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடியது, டுரான் ரிங்குக்குள் அழுகிறார். பனாமா அவரை மறுபடி நாயகனாகவே வரவேற்றது.

இங்கேதான் என் பேச்சுக்கு உரைகல். அதே வருடம் நவம்பரில் மிடில்வெயிட் சாம்பியன் மார்வின் ஹேக்லரோடு சண்டை. டுரானைவிடப் பெரிய உடம்பு, மலையைத் தள்ளுகிற மாதிரி. பதிமூன்று ரவுண்டு முடிந்தபோது இரண்டு நீதிபதிகளின் அட்டையில் டுரான் ஒரு புள்ளி முன்னால் இருந்தார், கடைசி இரண்டு ரவுண்டில் விட்டார். தோல்வி. யாரும் அவர் வீட்டுச் சுவரில் எதையும் எழுதவில்லை. பதினைந்து ரவுண்டு முழுக்க முகத்தைக் காட்டி நின்றவர் அவர்.

கடைசியாக ஒன்று, நீங்கள் இன்றைக்கு ராத்திரி பார்க்க வேண்டிய சண்டை: 1989 பிப்ரவரி 24, அட்லாண்டிக் சிட்டி, வெளியே பனிப்புயல், எதிரே இரான் பார்க்லி என்கிற அமெரிக்க பாக்ஸர். டுரானை 1984இல் இரண்டே ரவுண்டில் சாய்த்தவர் ஹேர்ன்ஸ், அந்த ஹேர்ன்ஸையே சாய்த்தவர் இந்த பார்க்லி. டுரானுக்கு 37 வயது, எதிராளி ஒரு தலை உயரம் கூடுதல். பதினொன்றாவது ரவுண்டை மட்டுமாவது பாருங்கள், பார்க்லியைத் தரையில் உட்காரவைத்துவிட்டு டுரான் நிற்கிற நிலையைப் பாருங்கள். அந்த வருடம் டிசம்பரில் அமெரிக்கப் படை பனாமாவுக்குள் இறங்கியது, எல் சோரியோவின் அந்த மர வீடுகள் தீயில் போயின. இன்றைக்கு பனாமா சிட்டியில் அந்தப் பழைய நுவோ பனாமா உள்விளையாட்டு அரங்கத்துக்குப் பெயர் ராபர்ட்டோ டுரான் அரங்கம்.

ஹேக்லர் சண்டையை ரவுண்டு ரவுண்டாக அடுத்த வீடியோவில் பார்ப்போம். வருகிறேன்.