ஓமந்தூராரின் இரண்டு ஆண்டுகள்

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, மாணவ நண்பர்களே, வணக்கம்.

சென்னை அண்ணா சாலையில் நடப்பவர்களுக்கு ஓமந்தூரார் அரசினர் தோட்டம் தெரியும். 2010இல் தலைமைச் செயலகமாகத் திறக்கப்பட்டு, பின்னர் பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையாக மாறிய அந்தக் கட்டடமும் தெரியும். ஆனால் ஓமந்தூரார் யார் என்று கேட்டால், "பழைய முதலமைச்சர்களில் ஒருவர்" என்பதோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். கீழே ஓடும் மெட்ரோ ரயிலின் நிலையப் பலகையோ வெறும் "அரசினர் தோட்டம்" என்றே சொல்கிறது. பெயரின் முற்பாதி அங்கே உதிர்ந்துவிட்டது.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் 1895 பிப்ரவரி 1 அன்று, உழவுத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர் ராமசாமி ரெட்டியார். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். தென்னாற்காடு மாவட்டக் காங்கிரசில் ஊர் ஊராக உழைத்தார். வள்ளலாரின் சன்மார்க்க நெறியிலும் ரமண மகரிஷியிடத்திலும் ஆழ்ந்த பற்றுடையவர். மேடையில் கைதட்டல் வாங்கும் பேச்சு அவருக்கு வராது. இப்படிப்பட்டவர் எப்படி மாகாணத்தின் தலைமைக்கு வந்தார் என்பதை விளங்கிக்கொள்ள, 1946ஆம் ஆண்டின் காங்கிரஸ் அரசியலைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

அன்றைய சென்னை மாகாணம் இன்றைய தமிழ்நாடு அன்று. ஆந்திரக் கடற்கரையும் ராயலசீமையும் மலபாரும் தென் கன்னடமும் அதற்குள் இருந்தன. 1946 தேர்தலில் வென்ற காங்கிரசுக்குள், ராஜாஜியை விரும்பியவர்கள் ஒருபுறம், காமராசரை ஒட்டி நின்ற தமிழ் உறுப்பினர்கள் ஒருபுறம், தெலுங்கு உறுப்பினர்கள் ஒருபுறம் என்று அணிகள் பிரிந்து கிடந்தன. காமராசர் முத்துரங்க முதலியாரை முன்னிறுத்தியும், ஆந்திரத் தலைவர் தங்குதூரி பிரகாசம் வென்று பதவியேற்றார். ஓராண்டுக்குள் கட்சியே அவர்மேல் நம்பிக்கை இழந்தது. அடுத்து யார் என்ற கேள்விக்கு, எந்த அணியிலும் உரத்த குரல் எழுப்பியிராத ஓமந்தூரார் விடையாக வந்தார். காமராசரின் ஆதரவோடு 1947 மார்ச் 23 அன்று அவர் பொறுப்பேற்றார். அப்போது அப்பதவிக்குப் பிரதமர் என்றே பெயர். முதலமைச்சர் என்ற சொல் அரசியல் சட்டத்தோடு பின்னால் வந்தது. ஆகஸ்ட் 15 அன்று இந்த மாகாணத்தின் அரசை நடத்திக்கொண்டிருந்தவர் இவர்தான்.

அவர் ஆட்சியில் இருந்தது இரண்டு ஆண்டுகளும் சில நாட்களும் மட்டுமே. அதற்குள் நிறைவேறிய சட்டங்களைப் பார்த்தால் நமக்கு மலைப்பு ஏற்படும். 1939இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த ஆலய நுழைவுச் சட்டம், கோயிலைத் திறந்துவிட விரும்பிய அறங்காவலர்களுக்குப் பாதுகாப்புத் தந்தது. விரும்பாதவர்களை அது ஒன்றும் செய்யவில்லை. 1947ஆம் ஆண்டுச் சட்டமோ, எந்தச் சாதியைச் சேர்ந்த இந்துவும் எந்த இந்துக் கோயிலிலும் நுழைந்து வழிபடலாம் என்பதை உரிமையாகவே ஆக்கியது. அனுமதிக்கும் உரிமைக்கும் இடையே உள்ள இந்த வேறுபாட்டை, கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நன்கு அறிவார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேறாமல் நின்றுபோன தேவதாசி ஒழிப்பு முயற்சி, பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு அதே 1947இல் சட்டமானது.

நிலத்துக்கு வருவோம். 1802இல் வெள்ளையர் நிறுவிய நிரந்தர நிலவரி முறையின் கீழ், உழுபவனுக்கும் அரசுக்கும் நடுவே ஜமீன்தார் நின்றார். முதலில் 1947இல் குத்தகை வரிக் குறைப்புச் சட்டம். அடுத்து 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம். இந்த இரண்டாவது சட்டத்தால் ஜமீன்கள் அரசின் உடைமையாகி, உழவர் அரசுக்கு நேராக வரி கட்டும் ரயத்துவாரி முறைக்கு மாற வழி பிறந்தது. நில உடைமைக் குடியில் பிறந்த ஒருவர் நிலப்பிரபுத்துவத்தின் வேரில் கைவைத்தார் என்பது எளிய செய்தி அன்று. கோயில் சொத்துக்களைச் சீர்படுத்த அவர் காலத்தில் தொடங்கிய முயற்சிதான் 1951இல் இந்து அறநிலையச் சட்டமாக முடிந்தது. மடங்களையும் அறங்காவலர்களையும் பகைத்துக்கொண்டு இதைத் தொடங்கியவர் நாத்திகர் அல்லர். அன்றாடம் வழிபாடு செய்த ஒருவர். மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் விரிந்ததும், பாரதியார் பாடல்களின் உரிமையை 1949இல் அரசே பெற்றதும் அந்த ஆட்சியில்தான்.

இவற்றையெல்லாம் விட, இன்றுவரை நம் வீடுகளுக்குள் வந்து நிற்கும் செயல் ஒன்று உண்டு. அரசுப் பணியிலும் கல்லூரியிலும் எந்தச் சமூகப் பிரிவுக்கு எத்தனை இடம் என்று பங்கிட்ட வகுப்புவாரி அரசாணை நீதிக்கட்சிக் காலத்தது. அதில் பிராமணரல்லாத இந்துக்கள் அனைவரும் ஒரே தொகுதி; அதனால் அத்தொகுதிக்குள் வலியவர்களே இடங்களைப் பெற்றார்கள் என்ற குறை நெடுநாளாக இருந்தது. 1947இல் ஓமந்தூரார் அரசு அந்த ஆணையைத் திருத்தியது. பதினான்கு இடங்கள் இருந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அன்றைய ஆணையின் சொல்லில் அரிசனர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிட்டது. பிற்படுத்தப்பட்டோர் என்ற தனிப்பிரிவு இந்த ஆணையில் இப்படித்தான் பிறந்தது. முன்னேறிய பிராமணரல்லாத சாதி ஒன்றில் பிறந்தவர், தம்மவர் நிற்கும் வரிசையிலிருந்தே பிறருக்கு இடம் பிரித்துக் கொடுத்தார் என்பதை நான் அடிக்கோடிட்டுச் சொல்வேன். இந்த ஆணையைத்தான் செண்பகம் துரைராசன் வழக்கில் 1951இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதையொட்டியே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து 15ஆம் பிரிவில், பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தரும் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது.

புகழ்ந்துவிட்டு இறங்கினால் நான் பாதிதான் பேசியவன் ஆவேன். 1948இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டபோது, தமிழ்நாடு மீண்டும் கொதித்தது. பெரியாரின் திராவிடர் கழகம் மறியலில் இறங்கியது. அதே ஆண்டில் கழகத்தின் தொண்டர் படையான கருஞ்சட்டைப் படைக்கு அரசு தடை விதித்தது. ஊர்வலம் போகிறவர்களின் சட்டை நிறத்தைக் கண்டு அரசு அஞ்சத் தேவையில்லை என்பது என் கருத்து. சரி என்று பட்டதை அசையாமல் செய்பவர், தவறு நேரும்போதும் அசையமாட்டார் என்பதற்கு இந்தப் பகுதி சான்று. ஜமீனை ஒழித்ததும் கருஞ்சட்டையைத் தடுத்ததும் ஒரே பிடிவாதம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பிடிவாதமே அவரை நாற்காலியிலிருந்தும் இறக்கியது. அரசு நிருவாகத்தில் கட்சிக்காரர்கள் தலையிடுவதை அவர் பொறுக்கவில்லை. பரிந்துரையோடு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். திரும்பியவர்கள் சட்டமன்றக் கட்சிக்குள் முணுமுணுத்தார்கள். 1948இல் பிரகாசத்தின் போட்டியை வென்றவர், மறு ஆண்டு காமராசரின் ஆதரவையும் இழந்தார். 1949 ஏப்ரல் 6 அன்று பதவி விலகினார், பூ. ச. குமாரசாமி ராஜா அடுத்து வந்தார். காமராசர்மீது எனக்குள்ள மதிப்பு குறைவானது அன்று. ஆயினும் அந்த மாற்றத்தில் கணக்கு மிகுந்து, காரணம் குறைந்திருந்தது.

பதவி போனபின் தனிக்கட்சி தொடங்குவதும், ஆளுநர் பதவிக்குக் காத்திருப்பதும் நாம் பார்த்துப் பழகிய காட்சிகள். ஓமந்தூரார் வடலூருக்குப் போனார். வள்ளலார் 1867இல் தருமசாலை அமைத்து அடுப்பு மூட்டிய அந்த ஊரில், ஆதரவற்ற பிள்ளைகளுக்கான நிலையத்தையும் பள்ளியையும் நடத்தினார். 1970 ஆகஸ்ட் 25 அன்று காலமாகும்வரை, மாகாணத்தை ஆண்ட காலத்தைப்போல் பத்து மடங்கு காலத்தை அவர் இப்படிக் கழித்தார். பசித்த பிள்ளைக்குச் சோறு போடவும் பள்ளிக்கு அனுப்பவும் அவருக்குச் சட்டமன்றப் பெரும்பான்மை தேவைப்படவில்லை.

நன்றி, வணக்கம்.