ஃபைல் பெயர் வருகிறது, உள்ளே இருக்கும் வார்த்தை வரவில்லையே?

சரி, அடுத்த கேள்வி. நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "விண்டோஸ் கம்ப்யூட்டரில் டி டிரைவில் வேர்டு ஃபைல்கள் வைத்திருக்கிறேன். பெயரைத் தேடினால் வருகிறது. உள்ளே இருக்கிற வார்த்தையைப் போட்டால் ஒன்றும் வருவதில்லை. இண்டெக்ஸை ரீபில்டு செய்தும் பலன் இல்லை, என்ன செய்வது?"

ரீபில்டு, அதாவது இண்டெக்ஸை அழித்துப் புதிதாக உருவாக்கியும் வரவில்லை என்கிறீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. இண்டெக்ஸ் என்பது புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரி. விண்டோஸ் தானாகச் சேர்ப்பது டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்ற உங்கள் சொந்த ஃபோல்டர்களைத்தான். டி டிரைவ் அந்தப் பட்டியலிலேயே இல்லையென்றால் எத்தனை முறை ரீபில்டு செய்தாலும் அதே பட்டியல்தான் திரும்ப வரும்.

அப்படியானால் பெயர் மட்டும் எப்படி வருகிறது? இண்டெக்ஸில் இல்லாத இடத்தில் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் ஒவ்வொரு ஃபோல்டராகப் போய்ப் பெயரை மட்டும் பார்க்கும், ஃபைலைத் திறந்து பார்க்காது. அதனால்தான் தேடும்போது மேலே ஓடும் கோடு அவ்வளவு மெதுவாக நகர்கிறது.

ஸ்டார்ட் மெனுவில் இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ் என்று தட்டித் திறங்கள். மாடிஃபை பட்டனை அழுத்தி, ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டருக்கு டிக் போடுங்கள். முழு டிரைவுக்கும் போட வேண்டாம். கேம்ஸ், பேக்கப் எல்லாம் சேர்ந்தால் இண்டெக்ஸில் சேரும் ஃபைல்களின் எண்ணிக்கை எகிறிவிடும். 4 லட்சத்தைத் தாண்டினால் தேடல் மந்தமாகலாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. அப்புறம் பொறுமை வேண்டும். நீங்கள் வேலை செய்துகொண்டிருந்தால் இண்டெக்ஸிங் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸில் மேலே அப்படி ஒரு வரி தெரியும், அது கோளாறு இல்லை. லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகி, ஸ்லீப்புக்குப் போகாமல் சும்மா விட்டுவிடுங்கள்.

அங்கே தெரியும் ஃபைல் எண்ணிக்கை ஏறி நின்றதும் ஒரு சோதனை. நோட்பேடில் 'சுண்டெலிவிமானம்' என்று உலகத்தில் யாரும் எழுதாத ஒரு சொல்லை எழுதி, அதே ஃபோல்டரில் வேறு பெயரில் சேமியுங்கள். சில நிமிடம் விட்டு அந்தச் சொல்லைத் தேடுங்கள். வந்துவிட்டால் இண்டெக்ஸ் நலம், உங்கள் ஃபைல்களில்தான் விஷயம்.

நமக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு: பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. அந்த எழுத்துருவில் 'அம்மா' என்று தெரிவது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் பதிவாகியிருக்கும். இன்று பொதுவாகப் புழங்கும் யூனிகோடு எழுத்தில் 'அம்மா' என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? ஃபைலை யூனிகோடுக்கு மாற்றினால்தான் உண்டு. ஸ்கேன் செய்த பிடிஎஃப்பும் இப்படித்தான், அது வெறும் படம். நானே ஒரு பழைய ரசீதை அரை நாள் தேடி, கம்ப்யூட்டரைத் திட்டித் தீர்த்த பிறகுதான் அது ஸ்கேன் என்று உறைத்தது.

சோதனைச் சொல்லே வரவில்லையா? டி டிரைவில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் திறங்கள். ஃபைல் உள்ளடக்கத்தை இண்டெக்ஸ் செய்ய அனுமதிக்கும் டிக் கீழே இருக்கும், அது எடுக்கப்பட்டிருக்கலாம், அப்படியானால் திரும்பப் போடுங்கள். அடுத்து இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸில் அட்வான்ஸ்டு போய் ஃபைல் டைப்ஸ் பாருங்கள். உங்கள் வகை ஃபைலுக்கு ப்ராப்பர்ட்டீஸ் மட்டும் என்று இருந்தால் உள்ளடக்கமும் சேர்த்து என்று மாற்றுங்கள். ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று தட்டித் திறந்து, இண்டெக்ஸ் வேலையைச் செய்யும் விண்டோஸ் சர்ச் ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கம்ப்யூட்டரை வேகமாக்குகிறேன் என்று வரும் மென்பொருள்கள் சில அதை நிறுத்திவிடுவதும் உண்டு.

இவ்வளவும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் அப்போது ரீபில்டு செய்யுங்கள். ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் பழைய இண்டெக்ஸ் அழிந்து பூஜ்யத்திலிருந்து தொடங்கும், முடிகிற வரை தேடல் அரைகுறையாகத்தான் இருக்கும். அதனால் தூங்கப் போகும் முன் அழுத்துங்கள்.