சித்தியின் சேலைக்கடைக்கு எத்தனை வாட் வேண்டும்?

[காட்சி: ஜார்ஜ்டவுன், லெபோ பாசார். சாயங்காலம். அஞ்சடியில் (கடை முகப்பு நடைபாதையில்) நடந்து வரும் கேமரா.]

வணக்கம். கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். இடது பக்கம் ஒரு பாட்டு, வலது பக்கம் ஒரு பாட்டு, எதிர்வரிசையில் மூன்றாவதாக ஒன்று. பினாங்கு லிட்டில் இந்தியாவுக்கு வந்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. தீபாவளி நெருங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம், ஆளுயர ஸ்பீக்கர்கள் அஞ்சடிக்கு இறங்கித் தெருவைப் பார்த்து நின்றுவிடும். அந்தப் போட்டிக்கு இந்த வீடியோ உதவாது.

நான் பேசப்போவது கடைக்குள்ளே மெல்ல ஓடும் பாட்டைப் பற்றி. வாடிக்கையாளர் சேலையைப் பிரித்துப் பார்க்கும்போது காதில் விழ வேண்டும், விலை கேட்கும்போது குறுக்கே நிற்கக் கூடாது. இதை அதிகச் செலவில்லாமல் எப்படிச் செய்வது?

[காட்சி: நீளமான, ஒடுங்கிய கடை. இரண்டு பக்கமும் சேலை அடுக்குகள்.]

இது என் சித்தியின் கடை. அகலம் 18 அடி, நீளம் 40 அடி. முதலில் இங்கே சக்கரம் வைத்த பார்ட்டி ஸ்பீக்கர் ஒன்றுதான் இருந்தது. வாங்கிக் கொடுத்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். பெட்டியில் 1000 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, மயங்கிவிட்டேன். வாசல் பக்கம் வைத்தோம். ஒரு வாரம் கழித்துச் சித்தி போன் பண்ணினார்.

“டேய், கஸ்டமர் விலை கேட்டா எனக்குக் கேக்கல. பாட்டு மட்டும் நல்லாக் கேக்குது. பின்னாடி தையல் மிஷின்ல இருக்கிற அக்காவுக்குப் பாட்டு சரியாவே கேக்கலையாம்.”

பெரும்பாலான கடைகளில் நடப்பது இதுதான். வாசலில் இரைச்சல், உள்ளே முணுமுணுப்பு. பின்னால் கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டுவார்கள், முன்னால் நிற்பவர் காதைப் பொத்துவார். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர் எதிரொலிப்பதால் அவ்வளவு குறையாது. ஆனால் சேலைக்கடையில் சுவர் எங்கே தெரிகிறது? எல்லாம் துணி. துணி கீச்சுச் சத்தங்களை விழுங்கிவிடும். அதனால்தான் தையல் மிஷின் அக்காவுக்குப் பாடகரின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் கேட்டது.

சரி, வாட் கணக்குக்கு வருவோம். பள்ளிக்கூடக் கணக்குதான், பயப்படாதீர்கள். சாதாரண சிறு ஸ்பீக்கர் ஒன்று, 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் தரும் என்று வைத்துக்கொள்வோம். 4 மீட்டர் தள்ளி நின்றால் 74. நாம் இரண்டு பேர் சாதாரணமாகப் பேசுவது சுமார் 60 டெசிபல். கடைப் பாட்டுக்கு 65 போதும். அந்த 65-க்கு எத்தனை வாட் செலவாகிறது? 3 டெசிபல் குறைந்தால் வாட் பாதியாகும், 74-இலிருந்து 65-க்கு 9 டெசிபல், மூன்று தடவை பாதி. ஆக ஒரு வாட்டில் எட்டில் ஒரு பங்கு. பாட்டில் திடீரென்று மேளம் எகிறும் இடங்களுக்கு 16 மடங்கு கூட்டிக்கொண்டாலும் 2 வாட்தான் ஆகிறது.

அப்படியானால் பெட்டியில் போட்டிருக்கும் ஆயிரம்? பிஎம்பிஓ என்று சின்ன எழுத்தில் இருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள், அது விளம்பரக் கணக்கு. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு, கூடவே வரும் அடாப்டரைத் திருப்பிப் படிப்பது. 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள். 24 வாட். உள்ளே போவது 24 என்றால் வெளியே 1000 எங்கிருந்து தொடர்ந்து வரும்?

ஆகவே காசை வாட்டில் போடாதீர்கள். ஸ்பீக்கர் எண்ணிக்கையில் போடுங்கள். நீளமான கடைக்கு வாசலில் ஒரே ஒரு பெரிய விளக்கை மாட்டுவோமா? நாலு இடத்தில் சின்ன விளக்காகத்தானே போடுவோம்? பாட்டுக்கும் அப்படித்தான்.

[காட்சி: மர விட்டத்தில் கம்பி கட்டப்பட்ட சிறு ஸ்பீக்கர். கேமரா நெருங்குகிறது.]

சித்தி கடையில் இப்போது நான்கு சிறு ஸ்பீக்கர்கள். இடது, வலது என்று மாறி மாறி, சுமார் 10 அடிக்கு ஒன்று. எட்டடி உயரத்தில், முகம் லேசாகக் கீழே பார்த்து. காசு வாங்கும் மேசை இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவில் விழுகிற மாதிரிப் பார்த்துக்கொண்டோம், எதுவும் சித்தியின் தலைக்கு நேரே இல்லை. சுவரில் துளை போடவில்லை. இந்தப் பழைய கடைவீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு, திருகாணி நிற்காது, பொலபொலவென்று உதிரும். தவிர ஜார்ஜ்டவுன் 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர். வீட்டுக்காரரைக் கேட்காமல் சுவரில் கை வைக்காதீர்கள். மர விட்டம் இருக்கிறது, அதில் கட்டினோம்.

ஆம்பிளிஃபயர் உள்ளங்கை அளவுதான். டிபிஏ3116 என்ற சிப் போட்ட சின்ன டப்பாக்கள் ஆன்லைனில் நிறையக் கிடைக்கும். அந்தச் சிப் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு, அதிகம் சூடாகாத டி வகை. கடைக்கு இது தாராளம்.

இப்போது முக்கியமான இடம். ஒரு சேனலில், அதாவது ஆம்பிளிஃபயரின் இடது அல்லது வலது வெளியீட்டில், இரண்டு ஸ்பீக்கர் போடும்போது ஓம் (மின்தடை) கணக்குப் பார்க்க வேண்டும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை இணையாகச் சேர்த்தால் 4 ஓம் ஆகும். ஆம்பிளிஃபயர் முதுகில் 4 முதல் 8 ஓம் என்று எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை. 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டை அப்படிச் சேர்த்தால் 2 ஓம் ஆகிவிடும். டப்பா கொதிக்கும், பாட்டு விட்டுவிட்டு வரும். 4 ஓம்தான் கிடைத்தது என்றால் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராகச் சேருங்கள், 8 ஆகிவிடும்.

எந்த இரண்டை எந்தச் சேனலில் போடுவது? எல்லாரும் இடப்பக்கச் சுவர் ஒரு சேனல், வலப்பக்கச் சுவர் ஒரு சேனல் என்று போடுவார்கள். நான் அப்படிப் போடவில்லை. முன்பக்கம் இரண்டும் இடது சேனல், பின்பக்கம் இரண்டும் வலது சேனல். ஏன் என்று சொல்கிறேன். கடையில் யாரும் நடு நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டீரியோ கேட்பதில்லை. பழைய பாட்டுகள் சிலவற்றில் வயலின் முழுக்க ஒரு காதில், தபேலா முழுக்க இன்னொரு காதில் இருக்கும். ஒரு ஓரமாக நிற்பவருக்குப் பாதிப் பாட்டுதான் போய்ச் சேரும். அதனால் போன் செட்டிங்ஸில் அணுகல்தன்மைப் பகுதிக்குப் போய் மோனோ ஒலியைத் தட்டிவிடுங்கள். ஆண்ட்ராய்டிலும் உண்டு, ஐபோனிலும் உண்டு. இப்போது இரண்டு சேனலிலும் ஒரே பாட்டு. அதே இடத்தில் இடது-வலது பேலன்ஸ் கோடு ஒன்று இருக்கும் பாருங்கள், அது இப்போது நமக்கு முன்-பின் கோடு. வாசலில் கூட்டமா? முன்பக்கம் கொஞ்சம் கூட்டலாம். தையல் அக்காவுக்குத் தலைவலியா? பின்பக்கம் குறைக்கலாம். இதற்குத் தனியாகச் செலவே இல்லை.

ஒரு எச்சரிக்கை. மோனோ வேண்டும் என்று ஆம்பிளிஃபயரின் இடது, வலது ஸ்பீக்கர் முனைகளை ஒன்றாக முறுக்கிவிடாதீர்கள். புகை வரும்.

[காட்சி: சிவப்பு, கறுப்பு முனைகள். ஒரு டபுள் ஏ பேட்டரி.]

அப்புறம் ஒயர். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் 15 மீட்டர் இழுத்தாலும் இழப்பு மிகக் குறைவு. தலைமுடி மாதிரி ஒயரை இழுத்தால் பின் ஸ்பீக்கர் சோர்ந்துவிடும். சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. ஒன்று மாறினாலும் ஒரு ஸ்பீக்கரின் கூம்பு (சத்தம் எழுப்பி அதிரும் பாகம்) முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும், இரண்டுக்கும் நடுவில் அடிநாதம் காணாமல் போகும். பழைய ஸ்பீக்கரில் நிறம் அழிந்துவிட்டால் ஆம்பிளிஃபயரிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை முனைகளில் ஒரு தொடு தொடுங்கள். ‘டப்’ என்று கூம்பு வெளியே வந்தால் பேட்டரியின் பாசிட்டிவ் தொட்ட முனைதான் சிவப்பு.

ஸ்பீக்கரை எங்கே வாங்குவது? பினாங்கில் என்றால் நான் காலையிலேயே லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குப் போவேன். கோலாலம்பூரில் புடு ஜாலான் பாசார் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கின்றன. பழசு வாங்கும்போது கூம்பின் நடுவில் விரல்களால் மெதுவாக, நேராக அழுத்துங்கள். ‘கரகர’ என்று உரசினால் உள்ளே சுருள் தட்டுகிறது, வைத்துவிட்டு வாருங்கள். கூம்பைச் சுற்றியிருக்கும் வளையம் ரப்பரா, ஃபோமா என்றும் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் ஃபோம் சில வருஷத்தில் பிஸ்கட் மாதிரி உதிரும். நான்கு ஸ்பீக்கர், டப்பா, ஒயர் எல்லாம் சேர்த்து எனக்கு 340 வெள்ளி ஆனது. பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கு இன்னும் குறையும், எனக்கு அந்தத் திறமை இல்லை.

பள்ளிகளிலும் பள்ளிவாசல்களிலும் பார்த்திருப்பீர்களே, 100 வோல்ட் லைன் ஸ்பீக்கர்கள்? எட்டுப் பத்து ஸ்பீக்கர், மாடி, நீண்ட ஒயர் என்றால் அதுதான் சரி. ஒரே தளச் சிறுகடைக்கு வேண்டாம். சாதாரண 8 ஓம் ஸ்பீக்கரை அந்த லைனில் மட்டும் கலந்துவிடாதீர்கள்.

பாட்டு எதிலிருந்து? டிராயரில் கிடக்கும் பழைய போன் போதும். சிம் வேண்டாம், இல்லையென்றால் சம்பந்தி வீட்டு போன் மணி நாலு ஸ்பீக்கரிலும் ஒலிக்கும். ப்ளூடூத்தைவிட எனக்கு ஒயர்தான் பிடிக்கும். பார்ட்டி ஸ்பீக்கர் காலத்தில் ஒருநாள் மத்தியானம் பக்திப் பாடல் பாதியில் நின்று, கால்பந்து வர்ணனை ஆரம்பித்தது. பக்கத்துக் கடைப் பையன் தெரியாமல் அவன் போனை இணைத்திருக்கிறான். சித்தி சேலைக்கடையில் கோல் விழுந்ததுதான் மிச்சம்.

இன்னொன்று, பலரும் சொல்லாமல் விடுவது. கடையில் பொதுமக்களுக்குப் பாட்டுப் போடுவது மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வருகிறது. இசையமைப்பாளர், பாடலாசிரியர் உரிமைக்கு எம்ஏசிபி, ஒலிப்பதிவு உரிமைக்கு பிபிஎம் என்ற அமைப்புகள் உரிமம் தருகின்றன. ஸ்பாட்டிஃபை, யூடியூப் தனிநபர் கணக்குகள் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று அவர்கள் விதிமுறையிலேயே இருக்கிறது. கட்டணத்தை நேரே கேட்டு, ஸ்பீக்கர் செலவோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

[காட்சி: ஆம்பிளிஃபயரின் வால்யூம் திருகு, மிக அருகில்.]

கடைசியாக, சத்தத்தின் அளவு. போனில் டெசிபல் காட்டும் இலவச ஆப் ஒன்றை இறக்கி, மின்விசிறி எல்லாம் ஓட விட்டு, வாசலிலிருந்து தையல் மிஷின் வரை நடந்து பாருங்கள். எண் துல்லியமாக இருக்காது. பரவாயில்லை, நமக்கு வேண்டியது முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம். 3, 4 டெசிபலுக்குள் இருந்தால் நல்லது. பிறகு ஒருவரை மேசைக்கு எதிரே நிறுத்தி, குரலை உயர்த்தாமல் விலை கேட்கச் சொல்லுங்கள். “என்ன?” என்று திருப்பிக் கேட்காத இடம்தான் உங்கள் அளவு.

அந்த இடத்தைக் குறித்து வைக்க நான் பேனா தேடிக்கொண்டிருந்தேன். சித்தி கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்துத் திருகுக்கு மேலே ஒட்டிவிட்டார். கொஞ்சம் தள்ளி இன்னொன்று, சிவப்பு.

“இது என்ன சித்தி?”

“அது சனிக்கிழமை சாயங்காலத்துக்கு.”