கழுத்தில் பச்சைப் பட்டை

நேயர்களுக்கு வணக்கம். இன்றைக்கு இரண்டு விஷயம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, பனிக்காலத்தில் நம் குளங்களுக்கு வரும் வாத்துகள். இன்னொன்று, அதே காலத்தில் நம் வேலிகளுக்கு வரும் சின்னக் குருவிகள். அதற்குப் பாதி நேரம், இதற்குப் பாதி நேரம் என்று தாளில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். பார்ப்போம்.

திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் போனால் கூந்தன்குளம். 1994-ல் சரணாலயம் ஆயிற்று. ஆனால் ஊர்க்காரர்கள் அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அந்தப் பறவைகளை வீட்டுப் பிள்ளைகளாகத்தான் பார்த்து வருகிறார்கள். தீபாவளிக்கு வெடி கிடையாது. வாசல் வேப்பமரத்தில் நாரை கூடு கட்டினால், கீழே திண்ணை நாறினாலும் விரட்ட மாட்டார்கள். நாரை அங்கே இருக்கட்டும். நான் தேடிப் போவது வரித்தலை வாத்தை.

திபெத், லடாக், மங்கோலியாப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிற பறவை அது. கருவி பொருத்திப் பார்த்ததில் 7,000 மீட்டருக்கும் மேலே பறந்தது பதிவாகியிருக்கிறது. அந்த உயரத்தில் நமக்கு நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும். இருக்கிற கொஞ்சப் பிராணவாயுவையும் இழுத்துப் பிடித்துக்கொள்கிற ரத்தம் அதற்கு.

ஒரு தை மாதம், நண்பர்கள் மூன்று பேராகப் போனோம். குளத்தில் வாத்து ஒன்றுகூட இல்லை. டீக்கடைப் பெரியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். “வெள்ளைச் சட்டைய மாட்டிக்கிட்டு வந்தா அது எப்படிய்யா இருக்கும்?” என்றார். பிறகு மனசு இரங்கி, “ராத்திரி வயல்ல மேஞ்சிட்டு விடியுமுன்ன தண்ணிக்கு வந்துரும். இங்க இல்லன்னா காடன்குளத்துல கெடக்கும், போங்க” என்றார். காடன்குளம் பக்கத்துக் குளம், அதுவும் சரணாலயத்தில் சேர்த்திதான். போனோம். நடுத்தண்ணீரில் சாம்பல் மூட்டைகளை இறக்கி வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தன.

என் பழக்கம் ஒன்று உண்டு. கூட்டத்தைக் கண்டதும் அதில் அபூர்வமானதைத் தேட மாட்டேன். இடது ஓரத்தில் ஆரம்பித்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். வெள்ளைத் தலை, பிடரியில் இரண்டு கறுப்புக் கோடு, ஆரஞ்சு மூக்கு, அடுத்தது. மறுபடியும் வெள்ளைத் தலை, இரண்டு கோடு, அடுத்தது. நாற்பத்தொன்றாவது வாத்தின் கழுத்தில் பச்சையாக ஏதோ தெரிந்தது.

பிளாஸ்டிக் பட்டை! மங்கோலியாவில் ஆராய்ச்சியாளர்கள் இப்படி மாட்டி விடுவதுண்டு. அதில் எழுத்தும் எண்ணும் இருக்கும். படித்து அனுப்பினால் எந்த ஏரியில், எந்த நாளில் மாட்டியது என்று பதில் வரும். எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. தொலைநோக்கியை முக்காலியில் வைத்துக் கண்ணைப் பதித்தால், அந்த மகராசி தலையை முதுகில் செருகித் தூங்குகிறாள்.

நேயர்களே, ஒரு வாத்து கழுத்தைத் தூக்குமா என்று நீங்கள் இரண்டு மணி நேரம் காத்திருந்ததுண்டா? நண்பர்கள் இட்லி சாப்பிட்டு வந்தார்கள். மறுபடி போய் வடை சாப்பிட்டு வந்தார்கள். வெயில் ஏறி, தண்ணீர்மேல் காற்று கானலாக நெளிய ஆரம்பித்தது. பத்தரை மணிக்குத் தலை எழுந்தது. முதல் எழுத்தைப் படித்தேன். அடுத்த எண்ணையும் படித்தேன். மூன்றாவதற்குள் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று குளத்தின் மேலே தாழப் பறந்து வந்தது. ஊசிவால் வாத்துகள் முதலில் எழும்பின, பின்னாலேயே எல்லாம் எழும்பிவிட்டன. வானம் முழுக்க ‘ஆங்... ஆங்...’ என்று சத்தம். என் நோட்டில் பாதி எண் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. பாதி எண்ணுக்கு யார் பதில் எழுதுவார்கள்?

ஆனாலும் எண்ணியதால்தான் அந்தப் பாதியாவது கிடைத்தது. அதனால் திரும்பவும் சொல்கிறேன், எண்ணுங்கள். ஊசிவால் வாத்து முந்நூறு இருந்தால் முந்நூறையும் பாருங்கள். பெட்டைகள் எல்லாம் ஒரே பழுப்பு நிறம், குழப்பத்தான் செய்யும். மூக்கைப் பாருங்கள். கரண்டி மாதிரி அகன்றிருந்தால் தட்டைவாயன். அவை கூட்டாக வட்டமடித்துத் தண்ணீரை வடிகட்டும், செக்கு சுற்றுகிற மாதிரி. ஒருமுறை இருநூற்றுப் பதினேழாவதாக, செம்பழுப்புத் தலையில் நெற்றி மட்டும் வெண்ணெய் நிறமாக ஒன்று வந்து நின்றது. நாமத்தலை வாத்து. நம் தெற்கத்திக் குளங்களில் அது அடிக்கடி கிடைக்காது. இருநூற்றுப் பத்தோடு வீட்டுக்குக் கிளம்பியிருந்தால்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐந்து விரல் காட்டுகிறார்கள். ஐந்து நிமிடமா என்றால், இல்லை என்று தலையாட்டுகிறார்கள். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாம்.

சரி, குருவிகள். எழுதிக்கொண்டு வந்த நாலு பக்கத்தை அப்படியே மடித்து வைக்கிறேன். இரண்டே இரண்டு மட்டும். உங்கள் வீட்டுச் செம்பருத்தி வேலிக்குள்ளிருந்து, இரண்டு கூழாங்கல்லைத் தட்டினாற்போல் ‘டக்... டக்...’ என்று கேட்கிறதா? கதிர்க்குருவி அது. பழுப்பாக, ஆளைக் காட்டாது. சத்தத்தை வைத்துப் பிடிப்பதுதான் சுலபம்.

இன்னொன்று ஆறுமணிக்குருவி. பச்சை, நீலம், சிவப்பு என்று இத்தனை நிறம் பூசிக்கொண்டு சருகுக்குள் தத்தித் திரியும், கண்ணில் படாது. பெரும்பாலும் காலை ஆறு, மாலை ஆறு மணி வாக்கில் இரண்டு சுரமாக ஒரு விசில் அடிக்கும். ஐப்பசி வாக்கில் வடக்கேயிருந்து வந்து சேரும்போது களைத்துப் போய் வீட்டுக்குள் விழுவதுண்டு. விழுந்தால் கையில் வைத்துக்கொண்டு படம் எடுக்காதீர்கள். காற்றோட்டம் உள்ள அட்டைப்பெட்டியில், இருட்டாக, சத்தமில்லாமல் வையுங்கள். தெளிந்ததும் சாயங்காலம் தோட்டத்தில் திறந்துவிட்டால் போய்விடும். வாயைத் திறந்து தண்ணீர் மட்டும் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்...

சிவப்பு விளக்கு எரிகிறது. வணக்கம்.