துணிப்பை மட்டும் போதுமா, நடுவர் அவர்களே?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். காலநிலை மாற்றத்தைத் தடுக்கத் தனிமனிதர் திருந்தினால் போதுமா, எல்லாரும் சேர்ந்து இறங்க வேண்டுமா என்பது தலைப்பு. சேர்ந்துதான் இறங்க வேண்டும், அதுவும் இப்போதே என்பது எங்கள் அணி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா, ஆளுக்கொரு துணிப்பை தூக்கினால் போதும், 'சிறுதுளி பெருவெள்ளம்' என்று சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டுப் போனார். பெருவெள்ளம் எப்படி இருக்கும் என்று காயல்பட்டினத்துக்காரர்களைக் கேளுங்கள், அம்மா. 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டியதைவிட அதிகம். ஒரு மழையை வைத்து எல்லாப் பழியையும் காலநிலைமேல் போட மாட்டேன். ஆனால் காற்று சூடானால் அதிக ஈரத்தைச் சுமக்கும் என்பது பள்ளிக்கூட அறிவியல். அந்தத் தண்ணீர் யார் வீட்டில் துணிப்பை இருக்கிறது என்று பார்த்தா உள்ளே வந்தது?

விளக்கை அணைக்க வேண்டாம், பஸ்ஸில் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கு நானும் பஸ்ஸில்தான் வந்தேன். சரி, பைக் ரிப்பேர், அதனால்தான்.

2020-ஐ நினைத்துப் பாருங்கள். ஊரடங்கு. பாதி உலகம் வீட்டுக்குள். சாலை காலி, விமானங்கள் தரையில். எதிரணி கனவு காணும் தனிமனித ஒழுக்கத்தைப் போலீஸ் வைத்தே நடத்திக் காட்டிய வருஷம் அது! உலகத்தின் கரியமில வாயு உமிழ்வு எவ்வளவு குறைந்தது தெரியுமா? ஏறத்தாழ 5 சதவீதம். அனல்மின் நிலையமும் இரும்பாலையும் சிமென்ட் ஆலையும் ஓடிக்கொண்டுதானே இருந்தன?

ஜெயித்த கதை ஒன்றும் இருக்கிறது. ஃப்ரிட்ஜிலும் ஸ்பிரேயிலும் அடைத்த சிஎஃப்சி வாயு, வெயிலின் கெட்ட கதிரைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள் 1974-ல் எழுதினார்கள். நல்ல மனசுக்காரர்கள் ஸ்பிரே வாங்குவதை விட்டார்கள். 1978-ல் அமெரிக்கா ஸ்பிரே டப்பாக்களில் அதைப் பெரும்பாலும் தடையே செய்தது. ஆனாலும் 1985-ல் அண்டார்டிகா மேலே ஓட்டை இருப்பது தெரிய வந்தது. ஒரு நாடே திருந்தியும் பத்தவில்லை, நடுவர் அவர்களே! அப்புறம்தான் 1987-ல் மான்ட்ரியலில் நாடுகள் கூடிக் கையெழுத்துப் போட்டன. வசதியில்லாத நாடுகள் மாறுவதற்குப் பணக்கார நாடுகள் பொது நிதி கொடுத்தன. இந்தியா 1992-ல் சேர்ந்தது. நம் வீட்டு ஃப்ரிட்ஜில் வாயு மாறிப்போனது. நம்மில் யாராவது யோசித்து மாற்றினோமா? பழைய வாயுவில் ஓடும் புது ஃப்ரிட்ஜ் கடைக்கே வரவில்லை, அவ்வளவுதான். ஓசோன் இப்போது மெல்லத் தேறி வருகிறது.

இது நமக்குப் புதிதா என்ன? குடிமராமத்து என்று வீட்டுக்கு ஓர் ஆள் வந்து ஏரியைத் தூர்வாரிய ஊர்க்காரர்கள் நாம். அவரவர் வரப்பை அவரவர் வெட்டினால் ஏரிக்கரை தானே நிற்கும் என்று எந்தப் பாட்டனும் சொன்னதில்லை.

என்ன அவசரம் என்கிறீர்களா? ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கு கரியமில வாயு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இன்றைக்கு விடும் புகையில் ஒரு பகுதி நம் கொள்ளுப்பேரன் காலத்திலும் மேலேயே இருக்கும். பூமி சூடாவதை, ஆலைகள் பெருகுவதற்கு முந்தைய காலத்தைவிட 1.5 டிகிரிக்குள் நிறுத்தப் பார்ப்போம் என்று 2015-ல் உலக நாடுகள் பாரிஸில் பேசின. 2024 என்ற ஒரே வருஷத்தின் சராசரி அதைத் தாண்டிக் காட்டியது.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். அடுத்து வரும் எதிரணி நண்பர் துணிப்பையைத் தூக்குவதற்கு முன்னால், அந்த 2020 கணக்குக்கு மட்டும் ஒரு பதில் சொல்லட்டும்.