27 இன்னிங்ஸ், எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லை

[திரையில்: பழைய கறுப்பு வெள்ளைப் படம். கறுப்புச் சீருடையில் நியூயார்க் ஜயன்ட்ஸ் வீரர்கள்.]

1905, அக்டோபர் 9, திங்கட்கிழமை. பிலடெல்பியா மைதானத்தின் நடுவில் 25 வயது இளைஞர் ஒருவர் பந்தோடு நிற்கிறார். பெயர் கிறிஸ்டி மேத்யூசன்; நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் பிட்சர், அதாவது பந்து எறிபவர். வரும் சனிக்கிழமைக்குள் இவர் செய்யப்போவதை, பேஸ்பால் உலகத் தொடரில் இன்றுவரை வேறு யாரும் செய்ததில்லை.

அமெரிக்காவின் இரண்டு பெரிய லீக்குகளின் சாம்பியன்கள் மோதுவதுதான் உலகத் தொடர். முந்தைய வருடம் இந்தத் தொடரே நடக்கவில்லை. புதிதாக வந்த அமெரிக்கன் லீக்கைத் தங்கள் நேஷனல் லீக்குக்குச் சமமாக மதிக்காத ஜயன்ட்ஸ் அணி, அதன் சாம்பியனோடு ஆட மறுத்துவிட்டது. அப்புறம் அதே அணியின் உரிமையாளர் ஜான் பிரஷ்தான் 1905 தொடருக்கு விதிகளை எழுதினார். 7 ஆட்டங்கள், முதலில் 4 வெல்பவருக்குத் தொடர்.

[திரையில்: ஐந்து ஆட்டங்களின் ஸ்கோர், ஒன்றன்பின் ஒன்றாக.]

முதல் ஆட்டம் ஜயன்ட்ஸுக்கு, 3-0. இரண்டாவது, எதிரணியான பிலடெல்பியா அத்லெட்டிக்ஸுக்கு, அதுவும் 3-0. பிறகு 9-0, 1-0, 2-0 என்று மூன்றும் ஜயன்ட்ஸுக்கு. பாருங்கள், ஐந்து ஆட்டத்திலும் தோற்ற அணி ஒரு ரன்கூட எடுக்கவில்லை!

இதற்கு முக்கியக் காரணம் பந்து. அந்தக் காலத்துப் பந்தின் நடுவில் இருந்தது வெறும் ரப்பர். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் தூரம் போகாது. புதுப் பந்தையும் லேசில் எடுக்க மாட்டார்கள்; ஆடி ஆடி அது அழுக்கேறி, தொளதொளத்துப்போகும். பிட்சர் அதில் எச்சில் தடவி எறிவதற்குக்கூட அன்று தடை இல்லை. மாலை வெளிச்சத்தில் மண் நிறப் பந்து பறந்து வந்தால் பேட்டரால் என்ன செய்ய முடியும்?

சரி, அப்படியானால் மேத்யூசனின் பெருமை பந்தால் வந்ததுதானா? இல்லை என்று அழுத்திச் சொல்வேன். அவரிடம் ‘ஃபேட்அவே’ என்று ஒரு பந்து இருந்தது. வழக்கமான வளைவுப் பந்து எந்தப் பக்கம் திரும்புமோ, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் திரும்பும். கிரிக்கெட் பார்ப்பவர்கள் கூக்ளியை நினைத்துக்கொள்ளலாம். மணிக்கட்டை உள்பக்கமாக முறுக்கி எறிய வேண்டும் என்பதால் கைக்கு வலி அதிகம். அதனால் அதை அளவாகத்தான் பயன்படுத்தினார்.

[திரையில்: நாட்காட்டி. 9, 12, 14 தேதிகளில் வட்டம்.]

இந்த மூன்று நாளும் முழு ஆட்டத்தையும் அவர் ஒருவரே எறிந்தார். பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ்; ஆக, ஆறே நாளில் 27 இன்னிங்ஸ். 18 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழக்க வைத்தார். விட்டுக்கொடுத்த ரன் ஒன்றுமில்லை.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படும் எண் இன்னொன்று. அடிக்க வாகான எல்லைக்கு வெளியே நான்கு பந்து போனால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்துபோகலாம். அந்த 27 இன்னிங்ஸிலும் மேத்யூசன் அப்படி நடக்கவிட்டது ஒரே ஒருவரைத்தான்.