அதே வீடு, அதே கேள்விகள், பொருந்தாத ஒரு மூடி

வணக்கம் மக்களே! சுங்கை சிப்புட் பாசார் மாலாம் (இரவுச் சந்தை) வீடியோ அடுத்த வாரம்தான். நேற்று வீட்டுக்கு ஆய்வுக்காரப் பெண் வந்திருந்தார். முன்பு ஒரு தடவை வந்து அப்பாவின் சம்பளம், அரிசிச் செலவு, அம்மாவின் முட்டிவலி வரைக்கும் எழுதிக்கொண்டு போன அதே ஆய்வு. "எல்லாம் போன தடவையே சொல்லிட்டேனேம்மா" என்று அம்மாவுக்குக் கடுப்பு. எனக்கோ ஒரே குஷி. வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு நிமிட வாக்கெடுப்பெல்லாம் எனக்கு ஆகாது, உங்களுக்கே தெரியும்.

இருங்கள், முதலில் இந்த மூடி போட்ட காப்பி மக்கைப் பாருங்கள். ஆய்வில் பதில் சொன்னதற்கு நன்றிப் பரிசாம். இந்தப் பக்கம் மூடியை அழுத்தினால் அந்தப் பக்கம் எழும்புகிறது. அந்தப் பக்கம் அழுத்தினால் இது! நம்பி மைலோ ஊற்றி மோட்டாரில் எடுத்துப் போனேன், பையெல்லாம் மைலோ. அஞ்சு வெள்ளிக்கு இதைவிட நல்ல மக் கிடைக்கும் மக்களே. வாங்கும்போது ஒருத்தராவது மூடிப் பார்த்திருக்கக் கூடாதா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேட்ட வீட்டுக்கே ஏன் திரும்ப வரவேண்டும்? நூறு வீட்டில் இருபது வீடு கஷ்டத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அஞ்சு வருஷம் கழித்து வேறு நூறு வீட்டைக் கேட்டாலும் அதே இருபது என்ற கணக்கு வரலாம். பழைய இருபது வீடும் எழுந்திருக்கவே இல்லையா, இல்லை அவர்கள் தேறி வேறு ஆட்கள் விழுந்தார்களா? அதே வீட்டுக் கதவை மறுபடி தட்டினால்தான் தெரியும்.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1968இல் ஆரம்பித்த குடும்ப வருமான ஆய்வு இன்றும் ஓடுகிறது. பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனாலும் விடாமல் பின்னாலேயே போய்க் கேட்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். நம் தோட்டத்து லயத்து வீடுகளில் மிச்சம் இருப்பவர்களை மட்டும் கேட்டால், கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் கதை எங்கே போகும்?

அட, சொல்ல மறந்துவிட்டேன், நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. மலேசியக் குடும்ப வாழ்க்கை ஆய்வு. 1976-77இல் பேசிய பெண்களையே 1988-89இல் திரும்பத் தேடிப்போனார்கள், வளர்ந்த பிள்ளைகளையும் கேட்டார்கள். கைப்பேசி இல்லாத காலத்தில்!

எங்களிடம், வீடு மாறினால் விசாரிக்க ஒரு சொந்தக்காரர் நம்பர் கேட்டார்கள். அம்மா மாமா நம்பரைக் கொடுத்துவிட்டார். மாமா தெரியாத நம்பரை எடுக்கவே மாட்டார், ஸ்கேம் என்று பிளாக் பண்ணிவிடுவார்.